என் சாவில் லாபமில்லாத இரண்டு பேர்

மார்ச் 4, செவ்வாய்

காலையில் தூறல். மூன்று மில்லிமீட்டர் இருக்கலாம். வானிலை நிலையத்தில் முப்பத்தாறு வருடம் மழையை அளந்தவன். ஓய்வு பெற்றுப் பதினான்கு வருடமாகியும், எழுதி வைக்காவிட்டால் மழை பெய்ததாகவே மனம் ஒப்புக்கொள்வதில்லை.

கொட்டகையில் கூட்டம். எங்கள் அமைப்புக்கு ஒரே மூச்சில் சொல்ல முடியாத நீளத்தில் ஒரு பதிவுப் பெயர் உண்டு. ஊருக்கு அது இரவல் கொட்டகை, அவ்வளவுதான். சக்கர நாற்காலி, வாக்கர், தலைப்பக்கம் உயர்த்தும் கட்டில் – படுத்துவிட்டவர்கள் இருக்கிற வீட்டுக்கு இலவசமாக இரவல் கொடுப்போம். தேவை தீர்ந்ததும் திருப்பித் தருவார்கள். எப்படித் தீர்ந்தது என்று கேட்பதில்லை. எது எந்த வீட்டுக்குப் போனது என்று எழுதி, சீட்டுக் கட்டித் தொங்கவிடுவது என் வேலை. என் மனைவி கடைசி எட்டு மாதம் இங்கிருந்து வந்த கட்டிலில்தான் கிடந்தாள். அதைத் திருப்பிக் கொடுக்கப் போனவன் அப்படியே இங்கே தங்கிவிட்டேன். என்னை மட்டும் யாரும் திருப்பிக் கேட்கவில்லை.

செயலாளர் இரண்டு நாள் பயிலரங்கம் போய் வந்திருக்கிறார். இனிமேல் நன்கொடையாளர்களை அவர்கள் உயிரோடு இருக்கும்போது தொந்தரவு செய்யப் போவதில்லையாம். உயிலில் நமக்கும் ஒரு பங்கு எழுதச் சொல்ல வேண்டுமாம். சாவு, மரணம், இறப்பு மூன்று சொல்லுக்கும் தடை. ‘பிற்காலத்தில்’ என்று சொல்ல வேண்டும். கேட்பவருக்கு எண்பத்து நாலு வயதானால், அது எந்தக் காலம் என்று அவரே யோசித்துக்கொள்ளட்டும்.

வீடு வீடாகப் போய்ப் பேச ஆள் வேண்டும். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். “வயசானவங்ககிட்ட வயசானவங்க பேசினாதான் சரியா இருக்கும் சார். உங்களைப் பாத்தா யாருக்கும் பயமே வராது” என்றார் செயலாளர். பாராட்டுதானா என்று வீடு வரை யோசித்துக்கொண்டே வந்தேன்.

மார்ச் 5

முடியாது என்று சொல்லியிருக்கலாம். இன்று முழுக்க அந்தச் சொல் நன்றாக வாயில் வருகிறது.

மார்ச் 12, புதன்

பயிற்சி. முதல் விதி: சொந்த உதாரணத்தைச் சொல்லித்தான் ஆரம்பிக்க வேண்டும். ‘நான் எழுதிவிட்டேன், மனதுக்கு நிம்மதியாக இருக்கிறது.’ கண்ணாடி முன் நின்று பத்து முறை சொல்லிப் பார்க்க வேண்டுமாம்.

நான் எழுதவில்லை என்றேன். காதில் விழாத அளவுக்கு மெதுவாகச் சொன்னேன் போலிருக்கிறது. இரண்டாவது முறை சொன்னதும், “எழுதிடுங்க சார், அரை மணி நேர வேலை” என்றார் செயலாளர்.

இருப்பது இந்த அடுக்குமாடி வீடு ஒன்று. ஒரே மகள். அவளுக்குத்தான் என்பது சொல்லாமலே எல்லோருக்கும் தெரியும். சொல்லாமலே தெரிகிற விஷயங்கள்தான் எனக்கு வசதி. ஐந்தில் ஒரு பங்கு கொட்டகைக்கு என்று எழுத ஆசை இருக்கிறது. மனைவி போன நாளிலிருந்து இருக்கிறது. அதற்கு மகளிடம் வாயைத் திறக்க வேண்டுமே. அந்த அரை மணி நேரம் நாலு வருடமாகக் கிடைக்கவில்லை.

மார்ச் 20, வியாழன்

முதல் வீடு. கணக்கு டீச்சர். ஓய்வு பெற்றவர், தனி ஆள், நம்முடைய வாக்கரில்தான் நடமாட்டம். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து ‘பிற்காலத்தில்’ என்று ஆரம்பித்தேன்.

“நான் செத்த பிறகுன்னு சொல்றீங்களா?”

ஆமாம் என்றேன். பயிலரங்கத்தின் இரண்டு நாள் உழைப்பு ஒரே கேள்வியில் முடிந்தது.

“நீங்க எழுதிட்டீங்களா?”

ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. கண்ணாடி முன் பழகியது காரணமாக இருக்கலாம். “எழுதிட்டேன். வீட்டுல அஞ்சுல ஒரு பங்கு. மனசுக்கு நிம்மதியா இருக்கு.” மழைமானியில் அரை மில்லிமீட்டர் கூட்டி எழுதாதவன் நான். டீச்சர் மூக்குக் கண்ணாடிக்கு மேலாக என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு படிவத்தை வாங்கிக்கொண்டார்.

ஏப்ரல் 2

மூன்று வீடு முடிந்தது. பொய்யில் கை தேர்ந்து வருகிறது. ‘மகளுக்கும் ரொம்ப சந்தோஷம்’ என்று ஒரு வரியை நானாகவே சேர்த்துக்கொண்டேன். அதைச் சொல்லும்போதுதான் எல்லோரும் தலையாட்டுகிறார்கள்.

ஏப்ரல் 29

பதினோரு பேர். எழுதிவிட்டதாகச் சொன்னவர்களுக்குச் செயலாளர் சுவரில் ஒரு பெரிய தாள் ஒட்டிப் பதினோரு பச்சை வட்டம் போட்டிருக்கிறார். ஆறு மாதத்துக்கு ஒரு முறை இவர்களைக் கூப்பிட்டு நலம் விசாரிக்க வேண்டுமாம். எந்தப் பதிலை எதிர்பார்த்து விசாரிப்பது என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை.

மே 14, புதன்

சக்கர நாற்காலிகளுக்குச் சீட்டுக் கட்டிக்கொண்டிருந்தேன். செயலாளர் போனோடு வந்து, “சார், இந்தப் பக்கம் பாருங்க, கொஞ்சம் சிரிங்க” என்றார். எதற்கு என்று நான் கேட்பதற்குள் மூன்று படம் எடுத்தாகிவிட்டது. துண்டறிக்கைக்காம். படத்துக்குக் கீழே என் வாக்கியம் வருமாம். எந்த வாக்கியம்? “அதான் சார், எல்லா வீட்லயும் நீங்க சொல்றது.”

வேண்டாம் என்று சொல்ல வேண்டுமானால் காரணம் சொல்ல வேண்டும். காரணம் சொன்னால் பதினோரு வட்டத்தையும் அழிக்க வேண்டும். கொஞ்சம் சிரித்து வைத்தேன்.

மே 30

துண்டறிக்கை வந்துவிட்டது. நன்றாகத்தான் அச்சடித்திருக்கிறார்கள். ‘என் வீட்டில் ஐந்தில் ஒரு பங்கை எழுதி வைத்துவிட்டேன். என் மகளுக்கும் மகிழ்ச்சி.’ இப்படி ஒரு மனிதரை எனக்குத் தெரிந்திருந்தால் மரியாதையாக இருக்கும்.

ஆயிரம் பிரதி. மருத்துவமனைகளில் வைக்கிறார்களாம். மகள் இருப்பது ஊரின் மறுகோடியில், அங்கெல்லாம் போகாது.

ஜூன் 10, செவ்வாய்

போய்விட்டது.

பேரனுக்குப் பல் வலி. பல் மருத்துவரிடம் காத்திருக்கும்போது மேசையில் தாத்தா சிரித்துக்கொண்டிருந்திருக்கிறார். அவன்தான் எடுத்து அம்மாவிடம் காட்டினானாம்.

மாலை ஐந்து மணிக்குக் கூப்பிட்டாள். கத்தவில்லை. கத்தியிருந்தால் நான் பழைய வழக்கப்படி பேசாமல் இருந்துவிட்டிருப்பேன்.

“நான் சந்தோஷப்பட்டேனாப்பா? எப்போ? எனக்கே ஞாபகம் இல்ல.”

ஐந்தில் ஒரு பங்குதானே என்று ஆரம்பித்தேன்.

“பங்கைப் பத்திப் பேசல. முழுசா குடுங்க, எனக்கென்ன. அம்மா விஷயத்துலயும் இப்படித்தான். டாக்டர் சொல்லி மூணு மாசம் கழிச்சுச் சொன்னீங்க. நான் வந்து நின்னப்போ அம்மாவுக்குப் பேச்சு போயிருந்துச்சு. இப்போ பல் டாக்டர் வீட்டு மேசையிலேருந்து தெரிஞ்சுக்கறேன். அடுத்தது எங்கேருந்துப்பா தெரியும்?”

வைத்துவிட்டாள்.

அப்போது அவள் வெளியூரில் இருந்தாள், பிரசவ நேரம். பயமுறுத்த வேண்டாம் என்று நினைத்தேன். இந்த வாக்கியத்தை நாலு வருடமாக எனக்கே சொல்லிக்கொண்டு வருகிறேன். அவள் பயந்துவிடுவாள் என்றா, அவளிடம் சொல்ல நான் பயந்தா? இதைக் கண்ணாடி முன் பத்து முறை சொல்லிப் பார்க்கச் சொல்லி யாரும் பயிற்சி தரவில்லை.

ஜூன் 11

கூப்பிட்டேன். எடுக்கவில்லை.

ஜூன் 15, ஞாயிறு

மாப்பிள்ளை எடுத்தார். “அவ தூங்கறா மாமா” என்றார். பகல் பதினொரு மணி. பின்னால் அவள் குரல் கேட்டது. நல்ல மனிதர், பொய் சொல்லத் தெரியவில்லை. என்னிடம் பயிற்சிக்கு வரலாம்.

ஜூன் 19, வியாழன்

தாளில் நடுவே கோடு போட்டு இரண்டு பக்கமாக எழுதிப் பார்த்தேன்.

இடது பக்கம்: துண்டறிக்கை உண்மை என்றே விட்டுவிடலாம். அப்போது நான் மகளிடம் சொல்லாமல் வீட்டை எழுதி வைத்த அப்பன். வலது பக்கம்: எழுதவே இல்லை என்று ஒப்புக்கொள்ளலாம். அப்போது பதினோரு வயோதிகர்களின் வரவேற்பறையில் உட்கார்ந்து, அவர்கள் கொடுத்த பிஸ்கட்டைத் தின்றுகொண்டே ஏமாற்றியவன். இரண்டில் எந்த அயோக்கியனாக இருப்பது என்று ஒரு மனிதன் வாழ்நாளில் ஒரு முறையாவது தேர்ந்தெடுக்கக் கிடைப்பது பெரிய விஷயம்.

கோட்டுக்குக் கீழே கடைசியாக எழுதியது: முதலில் உயிலை எழுது. பிறகு யாரிடம் வேண்டுமானாலும் போய்த் தலையைக் குனி.

ஜூன் 24, செவ்வாய்

வக்கீல் அலுவலகம். மாடிப்படி முப்பத்தொன்று. உயில் எழுத வருகிறவர்கள் ஏறியே முடிந்துவிடட்டும் என்று மேல்மாடியில் வைத்திருக்கிறாரோ என்னவோ.

செயலாளர் சொன்னது சரி, அரை மணி நேரம்தான் ஆனது. எண்பது பாகம் மகளுக்கு, இருபது பாகம் கொட்டகைக்கு. கையெழுத்துப் போடலாம் என்று பேனாவைத் திறந்தேன். வக்கீல் கையைக் காட்டி நிறுத்தினார். இரண்டு சாட்சி வேண்டுமாம். உயிலால் பயன் பெறுகிறவர்கள் சாட்சி போடக் கூடாது. போட்டால் அவர்கள் பங்கு சிக்கலாகிவிடும். மகள் கூடாது. மாப்பிள்ளை கூடாது. கொட்டகை ஆட்களையும் தவிர்ப்பது நல்லது.

“உங்க சாவுல பத்துப் பைசா லாபம் இல்லாத ரெண்டு பேரைக் கூட்டிட்டு வாங்க, போதும்” என்றார்.

ஜூன் 26, வியாழன்

பட்டியல் போட்டேன்.

அலுவலக நண்பர்கள் மூவர். மூவருமே முந்திக்கொண்டுவிட்டார்கள்.

முடி திருத்துபவர். என் சாவில் அவருக்கு நஷ்டம்தான், ஆனால் மிகச் சிறிய நஷ்டம். கேட்டேன். கையெழுத்து என்றதும் கத்திரி நின்றுவிட்டது. அவருடைய மைத்துனர் எதற்கோ கையெழுத்துப் போட்டு வீட்டை இழந்த கதையை முழுதும் சொன்னார். இடது காதோரம் சமமாக இல்லை.

மருந்துக்கடைக்காரர். பதினாறு வருடப் பழக்கம். அவருக்கு என் பெயர் தெரியாது. என் ரத்த அழுத்தம் தெரியும்.

அவ்வளவுதான். எழுபத்து நாலு வருடம் யாருக்கும் தொந்தரவு தராமல் வாழ்ந்திருக்கிறேன் என்று பெருமைப்பட்டதுண்டு. அதன் பலன், பாதிப் பக்கத்தில் முடிகிற ஒரு பட்டியல்.

பதினோரு பேர் இருக்கிறார்கள். அவர்கள் எல்லோரும் என்னிடம் அன்பாகத்தான் இருக்கிறார்கள். நான் ஏற்கெனவே எழுதிவிட்டேன் என்பதால்.

ஜூலை 3, வியாழன்

மகள் வீட்டுக்குப் போனேன். இரண்டு பஸ். சொல்ல வேண்டியதைத் துண்டுச் சீட்டில் எழுதிச் சட்டைப் பையில் வைத்திருந்தேன். கதவைத் திறந்து, “வாங்க” என்றாள். அப்பா என்ற சொல் இல்லாத வாங்க.

சீட்டை எடுத்தேன். “அதைப் பாத்துப் படிக்காதீங்க” என்றாள். பார்க்காமல் சொன்னேன். எழுதவே இல்லை, எல்லா வீட்டிலும் பொய் சொன்னேன், அது அச்சேறிவிட்டது.

நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். “நீங்களா? பொய்யா? பதினோரு பேருகிட்டயா?” முகத்தில் கோபத்துக்குப் பக்கத்தில் வேறு ஏதோ ஒன்றும் இருந்தது. என்னிடம் இப்படி ஒரு திறமை இருக்கும் என்று அவள் எதிர்பார்த்திருக்கவில்லை.

ஐந்தில் ஒரு பங்கு கொட்டகைக்குக் கொடுக்க உண்மையிலேயே ஆசை என்றேன். அம்மா அந்தக் கட்டிலில் தலையை உயர்த்தி ஜன்னலைப் பார்த்தது பற்றிச் சொன்னேன். இதுவரை சொன்னதில்லை. இப்போது எழுதியும் வைத்தாகிவிட்டது, சாட்சிக்குத்தான் ஆள் கிடைக்கவில்லை என்றேன். நீ போடக் கூடாதாம் என்று வக்கீல் சொன்னதையும் சொன்னேன்.

“அப்போ என் பேரை எடுத்துடுங்க.”

விளங்கவில்லை.

“எனக்குப் பங்கு இல்லன்னா நான் சாட்சி போடலாம்ல? அப்பவாவது முன்னாடியே கூப்பிட்டு உக்கார வைப்பீங்களே. பங்கெல்லாம் எப்பவும் குடுத்துட்டுத்தாம்ப்பா இருக்கீங்க. பக்கத்துல உக்கார வைக்கத்தான் மாட்டேங்கறீங்க.”

சீட்டில் இதற்குப் பதில் எழுதியிருக்கவில்லை. மன்னிச்சுக்கோம்மா என்றேன். நாலு வருடம் தாமதம். வானிலை நிலையமாக இருந்தால் குறிப்பாணை கொடுத்திருப்பார்கள்.

அவள் உள்ளே போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள். காபி கொடுத்தாள். கையெழுத்து என்றைக்கு என்று கேட்டாள். லீவு போட வேண்டுமாம்.

ஜூலை 8, செவ்வாய்

கணக்கு டீச்சர் வீடு. இந்த முறையும் நாற்காலியின் நுனி. நான் உங்களிடம் ஒரு விஷயம் என்று ஆரம்பித்து, தண்ணீர் குடித்து, மறுபடி ஆரம்பித்தேன்.

“உயில் எழுதல. அதானே?”

தம்ளரை வைக்க இடம் தேடினேன்.

“நாப்பது வருஷம் பள்ளிக்கூடத்துல இருந்தவ நான். வீட்டுப்பாடம் எழுதாம வந்துட்டு நோட்டு வீட்ல இருக்கு டீச்சர்னு சொல்ற மூஞ்சி எனக்குத் தெரியாதா?”

பிறகு ஏன் படிவத்தை வாங்கினீர்கள் என்று கேட்டேன். வாக்கரைத் தட்டிக் காட்டினார். “நான் எழுதினது இதுக்காக. உங்க பேச்சைக் கேட்டு யாராவது சொத்தை எழுதுவாங்களா?”

இத்தனை நாளாக என் பொய் பதினோரு பேரைக் கவிழ்த்துவிட்டது என்று தூக்கமில்லாமல் கிடந்தேன். அது யாரையும் அசைக்கவே இல்லை என்பது ஆறுதலா அவமானமா என்று தெரியவில்லை.

சாட்சி போட வருவதாகச் சொன்னார். முப்பத்தொரு படி ஏற மாட்டாராம். வக்கீல் இறங்கி வரட்டுமாம். இரண்டாவது ஆள்? “உங்களுக்கு ஆகாதவங்களாப் பாருங்க. சாட்சிக்கு அதுதான் பலம்.”

ஜூலை 10, வியாழன்

ஆகாதவர் ஒருவர் இருக்கிறார். கீழ்வீட்டுக்காரர். ஆறு வருடம் முன்பு என் குளியலறைக் குழாய் கசிந்து அவர் வீட்டுக் கூரையில் பெரிய கறை. சரிசெய்கிறேன் என்றேன், குழாயைச் செய்தேன், கறையைப் பற்றிப் பேசப் பயந்து மாடிப்படியில் எதிர்ப்படாத நேரமாகப் பார்த்து இறங்க ஆரம்பித்தேன். அவர் வெளியே போகிற நேரமெல்லாம் எனக்கு மனப்பாடம். இவ்வளவு நுணுக்கமாக நண்பர் யாரையும் கவனித்ததில்லை.

மணியை அடித்தேன். விஷயத்தைச் சொன்னேன். நிதானமாகக் கேட்டார்.

“போட்டா எனக்கு என்ன கிடைக்கும்?”

ஒன்றும் கிடைக்கக் கூடாது, அதுதான் சட்டம் என்றேன்.

“உங்ககிட்டேருந்து ஒண்ணும் கிடைக்காதுன்னு ஆறு வருஷமா நானே சாட்சி” என்றார். கூரையைப் பார்த்தார். நானும் பார்த்தேன். நான் நினைத்துக்கொண்டிருந்ததைவிடப் பெரிய கறை.

ஜூலை 16

பெயின்ட் அடிக்க ஆள் விட்டேன். உயிலில் எழுதாத வரை சட்டம் தடுக்காது என்று வக்கீல் சொன்னார், சிரிக்காமல் சொன்னார்.

ஜூலை 22, செவ்வாய்

கையெழுத்து ஆயிற்று. டீச்சர் வீட்டு முன்னறையில். வக்கீல் ஒரு மணி நேரம் தாமதம். டீச்சர் அவரை நிற்க வைத்துக் கேள்வி கேட்டார். கீழ்வீட்டுக்காரர் சலவைச் சட்டையில் வந்து, எல்லாப் பக்கத்தையும் இரண்டு முறை படித்த பிறகே போட்டார்.

மகள் காலையிலேயே வந்துவிட்டாள். கையெழுத்து நேரத்தில் பயன் பெறுகிறவர் அறையில் இல்லாமல் இருப்பது நல்லது என்று வக்கீல் சொன்னதும் வாசலில் போய் நின்றாள். கதவை முழுதும் சாத்தவில்லை. நான் போட்டு முடித்துத் திரும்பியபோது அந்த இடைவெளியில் அவள் தோள் தெரிந்தது.

பஸ்ஸில் நகலைக் கேட்டு வாங்கிப் படித்தாள். “நல்லாத்தான் எழுதியிருக்கீங்க” என்றாள். இரண்டு நிறுத்தம் போன பிறகு, “ஜன்னல்ல என்ன பாத்தாங்கப்பா அம்மா?” என்று கேட்டாள். இறங்கும்வரை சொல்லிக்கொண்டு வந்தேன்.

ஜூலை 31

மற்றப் பத்துப் பேரிடமும் உண்மையைச் சொல்லிவிடுவது என்று ஒவ்வொருவராகக் கூப்பிட்டேன். ஒருவர் கோபித்துக்கொண்டு தம் பெயரை எடுக்கச் சொன்னார். இரண்டு பேர் பரவாயில்லை என்றார்கள். ஏழு பேர் – ஏழு பேர் – அவர்களும் எழுதவே இல்லையாம். சரி சரி எழுதிட்டேன் என்று சொன்னால் நான் சீக்கிரம் கிளம்புவேன் என்பதற்காகச் சொன்னதாம்.

ஆகப் பதினோரு பச்சை வட்டத்தில் மூன்றுதான் பச்சை. என்னைச் சேர்த்தால் நாலு. செயலாளரிடம் சொன்னேன். தாளில் வட்டங்களை மறுபடி எண்ணினார். “பயிலரங்கத்துல இதைச் சொல்லவே இல்லையே சார்” என்றார். பாவமாக இருந்தது. அந்த ஏழு பேரில் மூவர் வக்கீலின் முகவரி கேட்டிருக்கிறார்கள் என்ற செய்தியைக் கடைசியில் சொன்னேன். முதலில் சொல்லியிருக்கலாம்.

செப்டம்பர் 9, செவ்வாய்

வானம் தெளிவு. மழை இல்லை.

போன வாரம் வயிற்றுக்கு எடுத்த ஸ்கேன் முடிவு, பரிசோதனை நிலையத்திலிருந்து காலையில் உறையில் வந்தது. ஓரத்தைக் கிழிக்கக் கத்தியை எடுத்தேன். வைத்துவிட்டு மகளைக் கூப்பிட்டேன். “பிரிக்காதீங்க, வரேன்” என்றாள்.

உறை மேசையில் இருக்கிறது. உள்ளே என்ன என்று எனக்கும் தெரியாது, அவளுக்கும் தெரியாது. இரண்டு பஸ், பதினொன்றரைக்குள் வந்துவிடுவாள். எதிர்ப்பக்கத்து நாற்காலியில் கிடந்த பழைய பத்திரிகைகளை எடுத்துக் கீழே வைத்தேன்.